பெரியப்பாவின் தொண்டை

என் மகளுக்கு டான்சில் எடுத்து மூன்றாம் நாள். வலி மருந்து, தண்ணீர், குழைந்த சோறு, ஐஸ்கிரீம் என்று நான் நாயாய் அலைந்துகொண்டிருந்தபோது என் கணவரின் அண்ணன் வந்தார், கையில் மொறுமொறு சிப்ஸ் பாக்கெட்டுடன். ஒரு மாத்திரையின் பெயரை ஒழுங்காகப் படிக்கத் தெரியாது. ஆனால் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் இவர்தான் வைத்தியர்.

“தொண்டையை அறுத்த பிள்ளைக்கு ஐஸ்கிரீமா? டாக்டர் சொன்னாராம், இவ கொடுக்கிறாளாம்!” என்றவர், வீணாகிவிடக் கூடாதே என்று கிண்ணத்தைத் தானே வழித்துத் தின்றார். “எனக்கும் இந்தப் பிள்ளை வயசுலதான் ரெண்டு டான்சிலையும் எடுத்தாங்க. மறுநாளே சிப்ஸ் தின்னேன். நீங்கதான் சும்மா ஊரைக் கூட்டுறீங்க.”

என் கணவர் வழக்கம்போல் அண்ணன் வாயையே பார்த்துத் தலையாட்டினார்.

மகளும் அந்த வாயைத்தான் பார்த்தாள். டாக்டர் படம் காட்டி, தொண்டையில் எது எங்கே இருக்கும் என்று சொன்னதிலிருந்து டார்ச்சும் கையுமாகத்தான் திரிகிறாள்.

“பெரியப்பா, ஆ காட்டுங்க,” என்றாள் மெல்லிய குரலில்.

அவர் பெருமையாகத் திறந்தார். அவள் இடமும் வலமும் நிதானமாக வெளிச்சம் அடித்துப் பார்த்தாள்.

“அம்மா, பெரியப்பாவுக்கு ரெண்டும் அப்படியே இருக்கு. மேல என் ஐஸ்கிரீமும் ஒட்டியிருக்கு.”