துள்ளாத கோடு

பேராசிரியருக்கு என்னைக் கண்டாலே நக்கல். "இவனுக்குள்ள மனசுன்னு ஒண்ணு இருக்குறதா நான் ஊகிச்சுக்கிறேன், ஆதாரம் கெடையாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் கருவி இயக்கிய பதினோரு வருடமும் இதே பாட்டு. கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருடைய கொள்கை இதுதான்: மூளை வெறும் சதை. அடுத்து என்ன வரும் என்று அது ஓயாமல் ஊகித்துக்கொண்டே இருக்கிறது. அந்த ஊகம்தான் மனம். ஊகம் பொய்த்தால் மூளை துள்ளும். அசைவற்றுக் கிடக்கும் நோயாளிகளுக்கு இதை வைத்தே ஒரு சோதனை உண்டாக்கினார். காதில் ஒரே மாதிரி மணியோசை போகும். இடையிடையே ஏதோ ஒரு மணி மட்டும் மாறி ஒலிக்கும். அப்போது திரையில் மூளையலைக் கோடு துள்ளினால் ஆள் உள்ளே இருக்கிறார். துள்ளாவிட்டால் செயற்கைச் சுவாசக் குழாயை எடுத்துவிடலாம்.

போன மாதம் பக்கவாதம் வந்து அவரே படுத்துவிட்டார். இமைகூட அசையவில்லை. ஆஸ்பத்திரியில் அவருடைய சோதனையைத்தான் வைத்தார்கள், அவர் தயாரித்த அதே ஒலிப்பதிவோடு. நான்தான் மூன்று முறை ஓட்டினேன். கோடு அசையவே இல்லை.

டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டு வெளியே போனார். குழாயை எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போடப் பேராசிரியரின் மனைவி பக்கத்து அறைக்குப் போனார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பதிவை ஆயிரம் தடவை கேட்டவர் அவர். எந்த மணி மாறும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பிறகு அவர் ஊகம் எப்படிப் பொய்க்கும்?

கதவைச் சாத்தினேன். மணிகளை இடம் மாற்றிப் புதிதாக ஒரு பதிவு செய்து ஓட்டினேன். மாறிய இடத்திலெல்லாம் கோடு குதியோ குதியென்று குதித்தது. மனிதர் முழுசாக உள்ளேதான் இருந்தார்.

இரண்டையும், பதிவையும் முடிவையும், அழித்தேன். பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவர் மனைவி திரும்பி வந்து கட்டிலோரம் நின்றார். "தம்பி, நீங்க இவர்கூடவே இருந்தவரு. நாம பேசுறது இவருக்குக் கேக்குமா?"

பேராசிரியரின் காதிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றிருந்தேன்.

"இல்லம்மா. திருப்பியும் ஒருவாட்டி பாத்துட்டேன். உள்ள யாரும் இல்ல."

திரையில் கோடு எகிறியது. அத்தனை உயரம் நான் பார்த்ததே இல்லை. இதை அவர் என்னிடம் எதிர்பார்த்திருக்கவில்லை.

திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன்.