இடது காலில் பாரம்

நுவரெலியா கோல்ஃப் மைதானத்தில், விளையாட வருகிறவர்களின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடப்பது கஜேந்திரனின் வேலை. அவர்கள் போன பிறகு பழைய மட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு ஓரமாக அவனும் பந்தடிப்பான்.

போன மழைக்காலத்தில் லிந்துலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வழுக்கி விழுந்து இடது கணுக்கால் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, பந்தடிப்பது மட்டும் பழையபடி வரவில்லை. மட்டையைத் தூக்கும்போது உடம்பின் பாரம் வலது காலுக்குப் போகும். வீசி இறக்கும்போது அது இடது காலுக்கு வந்து சேர வேண்டும். அவனுக்குப் பாதி வழியிலேயே நின்றுவிடும். பந்து வலப்பக்கம் சரிந்து மரங்களுக்குள் போய்விடும்.

மனைவி வினோதா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். பிள்ளையும் இல்லை. தோட்டத்து லயத்து வீட்டுக்குச் சீக்கிரம் போய்த்தான் என்ன செய்வது என்று பொழுது சாயும்வரை மைதானத்திலேயே இருப்பான்.

ஒரு சாயங்காலம் அவள் வீடியோவில் கூப்பிட்டாள். போனைப் பையில் சாய்த்து வைத்துவிட்டு அடித்துக் காட்டினான். பந்து சரிந்தது.

"குதிகாலு தரையில படவே இல்லீங்களே. வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல."

"அப்புறம் என்ன?"

அவன் மட்டை நுனியால் புல்லைத் தட்டினான். "பயமா இருக்கு வினோ. ஊண்டுனா திரும்ப மடங்கிருமோன்னு. கீழ விழுந்தா தூக்கிவிட வீட்டுல யாரு இருக்கா?"

துணி மடித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "ஊண்டுங்க," என்றாள். "நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

மட்டை மேலே போனது. வலது தொடையில் பாரம் ஏறியது. இறக்கும்போது இடது குதிகாலை அழுத்தி ஊன்றினான். கால் மடங்கவில்லை. இடுப்பு தானாகத் திரும்ப, வலது பாதம் விரல்நுனியில் எழும்பியது. பந்தில் பட்ட சத்தமே வேறாக இருந்தது. அது பனிமூட்டத்துக்குள் நேராகப் போயிற்று.

"பாத்தியா?" என்று திரும்பினான்.

அழைப்பு அறுந்திருந்தது. திரும்பக் கூப்பிட்டான், அவள் எடுக்கவில்லை.

பந்தைத் தேடிக் கண்டுபிடித்து வந்தபோது, அவள் குரலில் ஒரு செய்தி கிடந்தது. "மேடம் கூப்பிட்டுட்டாங்க. நான் பாக்கல. நல்லா போச்சுங்களா?"

எப்படிப் போயிற்று என்று சொல்ல நினைத்து வாய்க்குக் கிட்டே போனைப் பிடித்தான்.

"நேராப் போச்சு," என்று மட்டும் சொல்லி அனுப்பினான்.

அவள் அதைக் கேட்டதற்கான அடையாளம் வெகுநேரம் வரவில்லை. சுற்றிலும் பனி இறங்கி, மைதானத்துக் குழிகளில் நட்டிருந்த கொடிக்கம்பங்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன.