நீட்டிய கை

வருஷம் முழுக்க இருட்டு லிஃப்ட் குழிக்குள் தலையை நுழைத்து மெக்கானிக் வேலை பார்க்கிற மனுஷருக்குக் கோடை விடுமுறையில் கொஞ்சம் வானம் வேண்டும் என்பதில் தப்பே இல்லை. வாடகைக்கு எடுத்த பாய்மரப் படகில், அதைத் திருப்புகிற சுக்கான் கட்டையை வேறு யாரும் தொடக்கூடாது என்று அவர் அடம்பிடித்ததுதான் தப்பு.

அவர் மனைவியோ பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சந்தை நெரிசலில் ஒரு கீறல் விழாமல் போய்வருகிறவள். நானும் கொஞ்சம் பிடிக்கிறேனே என்று ஆறு கோடைகளாகக் கேட்டுப் பார்த்துவிட்டாள்.

"பஸ்ஸுக்கு பிரேக் இருக்கு. இதுக்கு ஏது? நீ நிம்மதியா உக்காரு, நான் பாத்துக்கறேன்" என்பார்.

அம்மாவும் மகளும் அவருக்குக் கேப்டன் என்று பட்டம் வைத்து முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொள்வார்கள். சிரித்ததற்குப் பதில் சண்டை போட்டிருக்கலாம்.

கேப்டன் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. இந்தக் கோடையில் முதல் நாள் மகளின் தொப்பி கடலில் விழுந்தபோது, ஒருவர் வேறு எந்த வேலையும் பார்க்காமல் அதை நோக்கிக் கையை நீட்டியபடியே நிற்க வேண்டும், கண்ணை எடுத்தால் அலைக்கு நடுவே தொலைந்துபோகும் என்றார். ஒன்பது வயது மகள் நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் வட்டமடித்துத் திரும்பி, அலுங்காமல் படகை நிறுத்தித் தொப்பியை அள்ளிக் கொடுத்தார்.

நான்காம் நாள் மதியம் முன்பாயின் கயிறு சிக்கிக்கொண்டது. "அசைக்காம பிடிச்சுக்கோ, இதோ வந்துட்டேன்" என்று முதன்முறையாகக் கட்டையை மனைவி கையில் கொடுத்துவிட்டு முன்னால் போனார். புழுங்குகிறது என்று லைஃப் ஜாக்கெட்டைக் காலையிலேயே கழற்றிப் போட்டிருந்தார். படகில் இருந்த சின்ன எஞ்சினின் சாவியும் அவர் பேன்ட் பையில் இருந்தது. பக்கவாட்டில் ஓர் அலை தூக்கிப் போட, வலதுபக்கமாகத் தண்ணீரில் விழுந்தார்.

மகள் சத்தமே போடவில்லை. எழுந்து கையை நீட்டினாள்.

மனைவி வலது காலால் படகின் அடிப்பலகையை ஓங்கி மிதித்தாள். பதினோரு வருஷ பஸ் பிரேக் பழக்கம். பிறகு வலப்பக்கம் திரும்புவதற்காகக் கட்டையை வலப்பக்கமே தள்ளினாள். படகு இடப்பக்கம் திரும்பி, பாய் நிறையக் காற்றை வாங்கிக்கொண்டு ஓடியது. எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும் என்று புரிவதற்குள் அவர் தலை சின்னப் புள்ளியாகிவிட்டது.

மகளின் விரலைப் பார்த்தே திரும்பி வந்தாள். வந்தாளே தவிர, நிறுத்தத் தெரியவில்லை. பத்தடி தள்ளி அவரைக் கடந்து போகும்போது, "கயிறை விடு" என்று கத்தினார். படகில் ஆறு கயிறுகள் இருந்தன. கைக்கு அகப்பட்டதை அவிழ்த்தாள். அது பாய்க்கயிறு இல்லை. எறிந்த மிதவை வளையத்தைக் காற்று அடித்துக்கொண்டு போனது. இரண்டாம் தடவை அவர் கத்தவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். மூன்றாம் தடவை விரல் காட்டிய இடத்தில் வெறும் தண்ணீர்தான் இருந்தது.

அவள் போன் செய்து ஒரு மணி நேரம் கழித்து மீட்புப் படகு வந்தது. அதிலிருந்து ஏறிய ஆள் முதலில் ஒரு கயிற்றை அவிழ்த்துவிட்டார். பாய் தொய்ந்தது, படகு நின்றது. இத்தனை சுலபமா என்று அவள் அந்தக் கயிற்றையே பார்த்தாள். அந்த ஆள் சுற்றிலும் கடலைப் பார்த்துவிட்டு, சிறுமியிடம் கையை இறக்கச் சொன்னார். அவள் கேட்கவில்லை. நீங்கள் சொல்லுங்கள் என்பதுபோல் தாயைப் பார்த்தார்.

தாய் எழுந்து மகள் பக்கத்தில் போய் நின்றாள்.

"வலிக்குதும்மா. இறக்கினா அப்பா தொலைஞ்சிடுவாரு."

தாய் மகளின் முழங்கைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.