குளத்துக்குச் சாமி இல்லை

பூதப்பாண்டிப் பக்கம் நான்குவழிச் சாலையை எந்த வழியாகக் கொண்டுபோகலாம் என்று மார்க் போட ஒரு கம்பெனி வந்தது. வழியில் கோயிலோ சர்ச்சோ இருந்தால் மார்க் குறையும் என்று கசிந்ததும் ஊரில் பக்தி கரைபுரண்டது. நேசையன் ரப்பர் தோட்டத்தில் சிலுவை நட்டுக் குருசடி கட்டினார். குமாரதாஸ் வாழைத்தோப்பில் இசக்கியம்மனை இறக்கினார். சிமென்ட் காயுமுன்பே அம்மனுக்கு முந்நூறு வயதாகிவிட்டது. முத்துக்கனியும் தன் வீட்டு முற்றத்தில் ஒரு மாடனுக்குப் பீடம் போட்டாள்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இன்ஜினீயர் திரையில் மூன்று கோடுகளைக் காட்டினார். இரண்டு கோடுகள் சாமிகள் மேல் மோதித் தோற்றிருந்தன. மூன்றாவதற்குத்தான் முதல் மார்க். வீடு இல்லை, சாமி இல்லை, எடுக்கப் பட்டா நிலமும் இல்லை. அது பெரியகுளத்தின் நடுவே போனது.

 முத்துக்கனியின் கும்பப்பூப் போக நெல் பால் பிடிக்கும் பருவம். அதற்குத் தண்ணீர் அந்தக் குளத்து மடையிலிருந்துதான். எழுந்து போய் மைக்கைப் பிடித்தாள்.

“சாரே, குளத்துத் தண்ணிக்கு எத்தன மார்க்கு?”

நீர்நிலைக்கு நூற்றில் ஐந்துதான் என்றும், அதை முழுதாகக் கழித்தாகிவிட்டது என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். மக்கள் எதிர்ப்புக்கு முப்பதாம். குளத்துக்காக ஒருவரும் மனு தரவில்லையாம்.

“இப்ப நான் எதிர்க்கேன். எழுதுங்க.”

எழுதினார். வேறு யாரும் உண்டா என்று கேட்டார். அந்த மண்டபத்தில் பாதிப்பேர் குளத்துப் பாசனக்காரர்கள். எல்லாரும் மின்விசிறியை ஆராய்ந்தார்கள். குளம் தப்பித்தால் கோடு திரும்பத் தங்கள் தோப்புக்கு வருமே.

குமாரதாஸ் அவள் முந்தானையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். “உக்காருட்டி. நமக்க வீடு தப்பிச்சில்லா?”

“வீட்டுச் செவர நக்கியா அண்ணே சீவிக்கப் போற? உனக்க வாழைக்குத் தண்ணி எங்கேருந்து வருகு?”

 இன்ஜினீயர் ஒரு எதிர்ப்புக்கு அரை மார்க் குறைத்தார். அப்போதும் குளம்தான் முதல். பொதுமக்களின் ஒத்துழைப்புக்கு நன்றி சொன்னதும் மண்டபம் கைதட்டியது.

முத்துக்கனி மைக்கை விடவில்லை.

“தட்டுங்க. நல்லா தட்டுங்க. அடுத்த பூவுக்கு மடையத் தொறந்தா தாரு வரும். எல்லாரும் கோரிக் குடியுங்க.”