ஆட்சேபணை இல்லாத தீர்மானம்

எங்கள் டாக்டர்கள் சங்கத்தில் ஒரு தீர்மானம் எதிர்ப்பில்லாமல் நிறைவேறினால், அது இரங்கல் தீர்மானமாகத்தான் இருக்கும். நான் கொண்டுபோனது அப்படிப்பட்டதல்ல. அதனால்தான் அன்று எல்லாக் கைகளும் உயர்ந்தபோது நான் சந்தோஷப்படாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

இரண்டாம் உலகச் சண்டைக்காலம். தூத்துக்குடி உப்பளத்துக் குடிசைகளில் காலரா. சலைன் பாட்டிலுக்கு அவ்வளவு தட்டுப்பாடு. சர்க்கார் அனுப்புவதைச் சங்க உறுப்பினர்களுக்கு மட்டுமே பங்கிட்டார்கள். ஆனால் சாவுச் சான்றுகளில் காலராவே கிடையாது, எல்லாம் வயிற்றுப்போக்கு. காலரா என்று வெளியே தெரிந்தால் உப்பு கப்பலேறாது. முதலாளிமாருக்கு வேண்டிய பெரிய டாக்டர்கள்தான் மூடி மறைக்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரம். அந்த ஆத்திரத்தில் எழுதினேன்: காலராவை மறைத்துச் சான்று எழுதும் டாக்டரைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டும்.

சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். தலைவர் வன்னியபெருமாள் ஓர் உப்பள முதலாளிக்குக் குடும்ப டாக்டர். அவர் சிரித்த முகமாக, "நல்ல தீர்மானம் டாக்டரம்மா" என்றார். என்றைக்கும் என்னை எதிர்த்தே பேசும் சுந்தரராஜ் முந்திக்கொண்டு வழிமொழிந்தார். கடைசி வரிசையில் ஞானையாவும் கை தூக்கினார். அவர் எம்.பி.பி.எஸ். அல்ல, அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.பி. படித்தவர்; உப்பளத்துக்குச் சைக்கிள் மிதித்துப் போகிற ஒரே டாக்டர்.

கைதட்டல் ஓய்வதற்குள் சுந்தரராஜ் கோட்டுப் பையிலிருந்து சில சான்றுகளை எடுத்து மேசைமேல் பரப்பினார். உப்பளத்துச் சாவுகள். எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து, ஞானையாவுடையது.

பெரிய டாக்டர்கள் யாரும் பொய்ச் சான்று எழுதவில்லைதான். உப்பளப் பக்கம் போனால்தானே எழுதுவதற்கு.

"ஏன் இப்படி எழுதினீங்க?" என்று ஞானையாவிடம் கேட்டேன்.

"காலரான்னு எழுதினா முதலாளி ஆளுவ ராவோட ராவா குடிசையைக் கொளுத்தி எல்லாரையும் விரட்டிருவாவ. அதுவ சீக்கோட ஆத்தூர், ஆழ்வார்திருநகரின்னு சிதறிப் போகும். வயித்துப்போக்குன்னு எழுதிக் குடுத்துட்டு, காலராவுக்குத்தான் வைத்தியம் பாத்தேன். அப்படி எழுதச் சொன்னவுக இங்கனதான் இருக்காவ. பேரு வேண்டாம்."

யாரையும் பார்க்காமல்தான் சொன்னார். ஆனால் வன்னியபெருமாள் சட்டென்று கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அந்தக் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

"இதெல்லாம் தீர்மானத்துக்கு முந்தின சான்று. செல்லாது" என்றேன்.

"தீர்மானத்துல தேதி எதுவும் போடலையே டாக்டரம்மா" என்றார் தலைவர். "ஞானையா பேரை எடுத்தாச்சு. இனி அவருக்குப் பாட்டில் கிடையாது."

"அப்போ தீர்மானத்தை நான் வாபஸ் வாங்குறேன்."

"நிறைவேறினது சங்கத்துச் சொத்து. ரத்து பண்ணணும்னா புதுத் தீர்மானம் கொண்டாங்க. வழிமொழிய ஆள் இருக்கா?"

மேலே மின்விசிறி சுற்றியது. சற்றுமுன் எனக்காக உயர்ந்த கைகள் எல்லாம் டீக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஞானையா மட்டும் கை தூக்கினார்.

"உறுப்பினர் மட்டும்" என்றார் தலைவர்.

ஞானையா கையை இறக்கினார். கோபமே இல்லாமல் எழுந்து நின்று கேட்டார்: "அங்கன சுடலைமாடத்தின்னு ஒரு பிள்ளைத்தாச்சி காலையிலிருந்து வாந்தி எடுக்கா. பாட்டில் ஏத்தணும். யார் போறிய?"

படித்த கூட்டம், டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று சங்கத்தில் கொடுத்த என் பங்குப் பாட்டில்களைப் பையில் அடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்கு வந்தேன். வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். உப்பளத்துக்காகத் தீர்மானம் எழுதியவளுக்கு, அங்கே எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியவில்லை.

திரும்பி உள்ளே போய், நான் நீக்கிய டாக்டரிடமே வழி கேட்டேன்.