ஆக்டோபஸின் இதயங்கள் ஓட்டுக்கு விடப்பட்ட கதை

பம்பாய் மாட்டுங்காவில் குடியிருந்த குமாஸ்தா மகாதேவன், தாராவியில் ஒரு வாலிபர் சங்கத்துக்குப் பொது அறிவுப் போட்டி நடத்தப் போனார். அது 1964ஆம் வருஷம்.

"ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?" என்று முதல் கேள்வியைக் கேட்டார்.

"ஒண்ணு" என்றான் தோல் பட்டறை வானமாமலை.

"தப்பு. மூணு."

கூட்டத்திலிருந்து சண்முகவடிவு எழுந்தாள். "ஒரு உசுருக்கு எதுக்கு சார் மூணு? நியாயமாச் சொல்லுங்க."

தகராறு என்றால் ஓட்டெடுப்பு என்பது சங்க விதி. தலைவர் கணேசபாண்டியன் கைகளை எண்ணினார். ஒரு இதயமே பெருவாரியாக ஜெயித்தது. மகாதேவன் பதறிப்போய்ப் புத்தகத்தை விரித்துக் காட்டினார்.

"புஸ்தகம் நம்ம சங்கத்துல மெம்பர் இல்லியே சார்" என்றார் தலைவர்.

சூரிய வெளிச்சம் பூமிக்கு வர எட்டு நிமிஷம் என்பதும் தோற்றது. அரை மணி நேரம் என்று தீர்மானமாயிற்று. மழைக்காலத்தில் லேட்டாகலாம் என்று ஒரு திருத்தமும் சேர்ந்தது.

மூன்றாவது கேள்வி, வளர்ந்த மனிதருக்கு எத்தனை பல். வானமாமலை சட்டென்று முப்பத்திரண்டு என்றான். மகாதேவனுக்கு உயிர் வந்தது. ஆனால் வாலிபர் சங்கத்திலேயே வயசாகிப்போன பொக்கைவாய்க்காரர்கள் எதிர்த்தார்கள். ஓட்டு சரிபாதியாகப் பிரிந்தது.

"நீங்களே முடிவு சொல்லுங்க சார்" என்றார் தலைவர்.

மகாதேவன் நாக்கால் தம் பற்களை எண்ணிப் பார்த்தார். இருபத்தொன்பது. புத்தகத்தை மூடிவிட்டு, எதிர்த்துக் கை தூக்கினார்.