அடுப்புக்காரர் வீட்டு வாடை

ரயில் பதினொன்றரைக்கு. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு அரை மணி நேரம். ஆக, பன்னிரண்டு மணிக்கு மருமகள் வாசற்படியில் கால் வைப்பாள். காலுக்கு முன்னால் மூக்கு வரும். அந்த மூக்கை நினைத்துத்தான் அடுப்புக்காரர் காலையிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன தடவை வந்தபோது அவள் மூன்று மாதக் கர்ப்பிணி. கதவைத் திறந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். நான்கு நாள் தங்க வந்தவள் அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டாள். "நாய் வாடை தாங்கல அத்தை, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். யாரும் தப்பாக நினைக்கவில்லை. ஆனால் யாரும் மறக்கவும் இல்லை. அதற்கப்புறம் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. பேரனைப் போனில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காலையில், கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே ஸ்டேஷனுக்குப் போகக் கிளம்பும்போது மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே தீர்ப்பைச் சொன்னாள்.

"இதோ பாருங்க. புள்ளையத் தூக்கிட்டு முதல் தடவையா வர்றா. இன்னிக்கும் வாடை அடிச்சுது, நாளைக்கே மூட்டை என் தம்பியோட கோழிப் பண்ணைக்குப் போறான். தம்பிகிட்ட போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

"வாடை எங்க அடிக்குது?" என்றார் அவர், பழக்க தோஷத்தில்.

"உங்களுக்கு என்னிக்குத்தான் அடிச்சிருக்கு? பெத்தவனுக்குப் புள்ள நாறுமா?" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கிவிட்டாள்.

மூட்டை என்பது நாய். பதினோரு வயசு. சாப்பாட்டு மேஜைக்கு அடியில், யாரோ இறக்கிவைத்துவிட்டு எடுக்க மறந்த மூட்டை மாதிரி கிடப்பான். குட்டியாக இருந்தபோது ஸ்கூட்டரின் முன்பக்கம், கருவிப் பெட்டிக்கு மேல் உட்கார்ந்து அவரோடு வீடு வீடாக வந்தவன். அவர் கேஸ் அடுப்பைப் பிரித்துப் போட்டு வேலை செய்யும்போது வாசலில் காவல் இருப்பான். கோழிப் பண்ணை நாய்களை அவர் பார்த்திருக்கிறார். இரண்டு முழச் சங்கிலி, ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். வயதான காலத்தில் மூட்டை அங்கே கட்டிக் கிடப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சரி, வாடையை ஒழித்துவிடலாம், அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது, அது அவருக்கு மட்டும் தெரிந்த சிக்கல். அடுப்புக்காரருக்கு மூக்கு வேலை செய்யவில்லை.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் பத்து நாளில் போனது, போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று எட்டு மாதம் ஓடிவிட்டது. கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்கிறவனுக்கு மூக்கு போவது தையல்காரனுக்குக் கண் போவது மாதிரி. முன்பெல்லாம் வாசலில் நின்று ஒரு இழுப்பு இழுத்தே கசிவு குழாயிலா, ரெகுலேட்டரிலா என்று சொல்லிவிடுவார். இப்போது சோப்பு நுரைதான் கதி. ஒவ்வொரு மூட்டிலும் நுரையைத் தடவி, கொப்புளம் வருகிறதா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்ப்பார். போன மாதம் ஒரு வீட்டில், "கேஸ் வாடை குப்புனு அடிக்குதே, உங்களுக்குத் தெரியலையா?" என்று அந்தம்மா கேட்டபோது அவருக்கு உயிரே போய்விட்டது. "தெரியுதும்மா, அதத்தான் தேடிட்டிருக்கேன்" என்று சமாளித்தார். மனைவியிடம் மூச்சு விடவில்லை. விட்டால் அன்றைக்கே கருவிப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுவாள். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான்.

வீட்டில் எவ்வளவு வாடை அடிக்கிறது என்று தெரியாமலேயே, சொன்னதைச் சொன்னபடி செய்து முடிப்பது என்று அவர் தீர்மானித்திருந்தார். மகன் போனில் எழுதி அனுப்பியிருந்தான்: கார்பெட்டிலும் சோபாவிலும் சமையல் சோடாவைத் தூவி, ஒரு மணி நேரம் விட்டு, வேக்குவம் கிளீனரை மெதுவாக இழுக்க வேண்டும். மூட்டை படுக்கும் மூலையை வினிகர் கலந்த தண்ணீரால் துடைக்க வேண்டும் என்பது மனைவியின் உத்தரவு. மூலையை நேற்றைக்கே, மனைவி கடைக்குப் போயிருந்தபோது முடித்துவிட்டார். துடைக்கச் சொன்னதை அவர் கழுவியே விட்டார். கார்பெட் சொதசொதவென்று ஆகிவிட்டது. பர்னரைக் கழுவினால் காற்றடித்துக் காயவைக்கிற தொழில் அல்லவா? அதே புத்தியில் வேக்குவத்தை எடுத்து அந்த ஈரத்தின் மேல் கால் மணி நேரம் ஓட்டினார். கார்பெட் காய்ந்த மாதிரிதான் இருந்தது. மெஷினைப் பின்கட்டு அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

இன்றைக்கு எட்டரை மணிக்கெல்லாம் சோடாவைத் தூவினார். ஒன்பதரைக்கு மெஷினை எடுத்து மூலை முடுக்கு விடாமல் இழுத்தார். கார்பெட் புதுசு மாதிரி நிமிர்ந்தது. அப்பாடா என்று உட்காரும்போது கதவு தட்டுகிற சத்தம். மாடி வீட்டு டீச்சர், இரவல் வாங்கிய ஸ்க்ரூடிரைவரோடு நின்றாள். நீட்டிய கையை நீட்டியபடியே ஒரு எட்டு பின்னால் போனாள்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? மூட்டைக்கு உடம்பு எதுவும் சரியில்லையா?"

"ஏன் டீச்சர்?"

"வாடை மாடி வரைக்கும் வருதுண்ணே. நேத்தெல்லாம் இப்படி இல்ல. இப்ப அரை மணி நேரமாத்தான்."

அவருக்குத் திக்கென்றது. "இப்பத்தான் சுத்தம் பண்ணேன், கொஞ்ச நேரத்துல போயிடும்" என்று சிரித்து அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றார். சுத்தம் செய்த பிறகு வாடை ஏறுமா? எந்த ஊர் நியாயம் இது? மூட்டையைப் பார்த்தார். அவன் மேஜைக்கு அடியில் ஒரு பாவமும் அறியாதவனாய்க் கண்ணை மூடிக் கிடந்தான்.

மிச்சமிருந்த சோடா முழுவதையும் கொட்டினார். ஒரு மணி நேரம் காத்திருக்க நேரமில்லை, கால் மணியில் மறுபடி மெஷினைப் போட்டார். கார்பெட், சோபா, திரைச்சீலை, மூட்டை படுக்கும் மெத்தை எல்லாவற்றிலும் இழுத்தார். மேலே டீச்சர் வீட்டு ஜன்னல் ஒன்று படீரென்று சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதையாக, இவர் இழுக்க இழுக்க அங்கே ஜன்னல் சாத்திக்கொண்டே போனது. மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. மகனிடமிருந்து செய்தி வந்தது: 'ரயில் சரியான நேரத்துக்கு வருதுப்பா.' உலகத்தில் எந்த ரயிலும் சரியான நேரத்துக்கு வராது, இன்றைக்கு இது மட்டும் வரும்.

மூட்டையைக் குளிப்பாட்டலாமா? ஈர நாய் இன்னும் மோசம் என்று மனைவி சொன்னது ஞாபகம் வந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேறு வழி தெரியாமல் மூன்றாவது தடவையாக மெஷினைப் போட்டார்.

வேக்குவம் சத்தம் கேட்டாலே மூட்டை கட்டிலுக்கு அடியில் ஓடிவிடுகிற ஜாதி. அன்றைக்கு ஓடவில்லை. மெல்ல எழுந்து வந்து, மெஷினுக்குப் பின்னாலேயே நடந்தான். அவர் கூடத்தில் இழுத்தால் கூடம், சோபாப் பக்கம் திரும்பினால் சோபா. மெஷினின் பின்பக்கத்தில், காற்று வெளியேறும் சின்னக் கம்பித் தடுப்பில் மூக்கை வைத்து மோந்தான். தும்மினான். மறுபடி மோந்து வாலை ஆட்டினான். உள்ளே இன்னொரு நாய் இருக்கிறது என்று நினைத்தானோ என்னவோ.

"போடா அந்தப் பக்கம்! உனக்காகத்தான்டா இந்தப் பாடு படறேன், நீ என்னடான்னா ஊர்வலம் வர்றே!"

மூட்டை போகவில்லை. கம்பித் தடுப்பை நக்கினான்.

அடுப்புக்காரரின் கை நின்றது. சுவிட்சை அணைக்காமலே குனிந்து, மெஷினின் பின்னால் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடான காற்று, பிசுபிசுவென்று ஈரம். முப்பது வருஷமாக ஊரெல்லாம் போய், "எரியற இடத்தப் பாக்காதீங்கம்மா, வெளியேறுற இடத்தப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷன். ஊருக்குத்தான் உபதேசம். இந்த மெஷின் உறிஞ்சுவதெல்லாம் எங்கே போகிறது என்று ஒரு நாளும் அவர் கேட்டதில்லை. மாசத்துக்கு ஒரு தடவை மனைவிதான் அதைத் திறந்து என்னவோ செய்வாள்.

அணைத்துவிட்டு மூடியைத் திறந்தார். உள்ளே தூசிப் பை ஊதிக் கிடந்தது. நேற்றைய ஈரமும் ஒரு மாத நாய் முடியும் ஒன்றாகச் சேர்ந்து, ராத்திரி முழுக்க மூடிய அலமாரிக்குள் ஊறி, கறுத்து, அடியில் கிழிந்திருந்தது. வாடை தெரியாவிட்டாலும் பார்த்ததற்கே அவருக்குக் குமட்டியது. மூன்று தடவை அந்தக் காற்றைத்தான் சூடாக்கி வீடு முழுக்க ஊதியிருக்கிறார்.

மணி பதினொன்றே முக்கால். பையை இரண்டு கவரில் போட்டு இறுக்க முடிச்சுப் போட்டுத் தெருக்கோடிக் குப்பைத் தொட்டிக்கு ஓடினார். ஓடி வந்து ஃபில்டரைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கொடியில் மாட்டினார். மெஷினைத் துடைத்துப் பின்கட்டு வெயிலில் வாயைத் திறந்து வைத்தார். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்து, மின்விசிறிகளை முழு வேகத்தில் விட்டார். பிறகு கூடத்தின் நடுவில் நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பார்த்தார். காற்று வந்தது. வெறும் காற்று. நல்லதா கெட்டதா என்று அது சொல்லவில்லை.

"போயிடுச்சாடா?" என்று மூட்டையிடம் கேட்டார். அவனைத் தவிர வேறு யாரைக் கேட்பது? அவன் கொட்டாவி விட்டான்.

வாசலில் கார் நின்றது. முதலில் பெட்டியோடு மகன், பின்னால் மனைவி, அப்புறம் தோளில் குழந்தையோடு மருமகள். வாசற்படியில் அவள் நின்றுவிட்டாள். அடுப்புக்காரர் மூட்டையின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் ஒரு மூச்சு இழுத்தாள். இன்னொன்று இழுத்தாள். அவர் அந்த நேரத்தில் மூச்சே விடவில்லை.

"ஜன்னலெல்லாம் திறந்து வெச்சிருக்கீங்களா மாமா? வீடு நல்லா காத்தோட்டமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு அவள் உள்ளே வந்தாள்.

அவ்வளவுதான். மூட்டையின் பட்டையை விட்டுவிட்டு அவர் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த மடியில் மருமகள் பேரனைக் கொடுத்தாள். அவன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டான்.

"மோந்து பாருங்க மாமா. எனக்கு நாள் பூரா இதே வேலைதான்" என்று மருமகள் சிரித்தாள்.

அடுப்புக்காரர் குனிந்து, அந்த மெத்தென்ற உச்சந்தலையில் மூக்கைப் புதைத்தார். சூடு தெரிந்தது. மென்மை தெரிந்தது. வேறு ஒன்றும் இல்லை. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆகா!" என்றார். "என்ன வாசம், என்ன வாசம்! பூ தோத்துது போ!"

மகன் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தான். மூட்டை குழந்தையின் துணிக்கு அடியில் மூக்கை நீட்டி மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமா! அவன் கார்லயே வேலையக் காட்டிட்டான். நாங்கல்லாம் மூக்கப் பிடிச்சிட்டு வந்தோம், நீங்க பூ வாசம்ங்கறீங்க! பாசம்னா இதான் பாசம்!" மகனும் சிரித்தான். அடுப்புக்காரரும் சேர்ந்து சிரித்தார். மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

குழந்தையை மாற்ற மருமகள் எடுத்துக்கொண்டு போனதும், சமையலறையிலிருந்து குரல் வந்தது. "கொஞ்சம் இங்க வாங்க."

போனார். மூட்டையும் கூடவே போனான்.

"கண்ண மூடுங்க."

மூடினார். மூக்குக்கு அருகே அவள் கை வந்தது தெரிந்தது.

"என்னது இது?"

இந்த நேரத்தில் என்ன இருக்கும்? வந்தவர்களுக்குப் போடுவதற்கு எடுத்திருப்பாள். "காபித் தூள்" என்றார்.

"தொறந்து பாருங்க."

அவள் உள்ளங்கை காலியாக இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்பலேர்ந்து?"

"மழைக்காலத்துக் காய்ச்சல்லேர்ந்து."

"எட்டு மாசமா? இந்த மூக்க வெச்சுக்கிட்டா ஊரார் வீட்டு கேஸையெல்லாம் பாத்தீங்க?" அவள் கையை இறக்கினாள். "ஏதாவது ஆயிருந்தா?"

"நுரை வெச்சுத்தான் பாத்தேன். ரெண்டு ரெண்டு தடவை பாத்தேன்." சின்னப் பிள்ளை மாதிரி அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பயமா இருந்துச்சும்மா. தினமும் பயந்துக்கிட்டேதான் போயிட்டு வந்தேன்."

அவள் அடுப்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அவர் காலடியில் படுத்துவிட்ட மூட்டையைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"தம்பி, நாய் வராதுடா. இல்ல, வாடையெல்லாம் இல்ல. வீட்டுல அவன் மூக்கு வேணும்." போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "திங்கக்கிழமை டாக்டர்கிட்டப் போறோம். அதுவரைக்கும் பெட்டியத் தொடக் கூடாது. டாக்டர் முடியாதுன்னுட்டா, மோந்து பாக்க நான் கூட வர்றேன். ஸ்கூட்டர்ல எடம் இருக்குல்ல?"

அவர் தலையை ஆட்டினார். உள்ளறையில் பேரன் எதற்கோ கத்தினான். அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு, வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டார்.

"நீ மோந்து பாத்தியா? அவன் தலை எப்படி இருக்கு?"

சொல்ல வாயெடுத்து இரண்டு தடவை நிறுத்தினாள்.

"நம்ம பையன் பொறந்தப்ப ஆஸ்பத்திரியில தூக்கி வெச்சுக்கிட்டு, குடுக்கவே மாட்டேன்னு மோந்துக்கிட்டே இருந்தீங்களே. அதே வாசந்தான்."

அது அவருக்கு ஞாபகம் இருந்தது.